காலி இடத்தில் வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ளும்படியான அறைகள் இரண்டுதான். கீழே ஒன்று, அதில் நானும் என் வீட்டுக்காரரும் படுக்கிறோம். மாடியில் ஒன்று, அதில் என் படங்கள் இருக்கின்றன. என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, ஹாலில் படுக்கிறார். இதைச் சொன்ன உடனேயே நீங்கள் யார் பக்கம் போய்விட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தாராளமாகப் போங்கள். பட்டாபிராமில் எங்கள் தெருவே அவர் பக்கம்தான் இருக்கிறது.

அண்ணி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். திருமழிசையில் வாழ்க்கைப்பட்டவர். புருஷன் போனதும் கொழுந்தன்மார் வீட்டை எடுத்துக்கொண்டார்கள். ஒரே பெண் ஓசூரில் இருக்கிறாள், அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு மாமியார் இருக்கிறார். ஆகவே ஒரு சூட்கேஸும் ஒரு பாயுமாகத் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சூட்கேஸ் சோபாவுக்கு அடியில் போனது. பாய் டிவிக்கு முன்னால். தம்பி செய்தி பார்த்து முடிக்கும்வரை அவரால் படுக்க முடியாது. காலையில் யாராவது கதவைத் தட்டுவதற்குள் பாயைச் சுருட்டியாக வேண்டும். புடவை மாற்ற பாத்ரூம், அழுவதென்றாலும் பாத்ரூம். வருடக்கணக்காக இப்படித்தான். அவருக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ராத்திரி படுக்க வேண்டும், அது ஒன்றுதான் கேட்டார்.

நானும் ஒன்றுதான் கேட்டேன். அதே அறையைக் கேட்டேன்.

நான் வரைவது ஆப்ஸ்ட்ராக்ட். தமிழில் அரூப ஓவியம் என்கிறார்கள். எங்கள் தெருவில் அதற்கு 'இன்னா எழவோ' என்று பெயர். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்து, ஓவியம் படித்து, அம்பத்தூரில் ஒரு பள்ளியில் டிராயிங் மிஸ்ஸாகச் சேர்ந்து, பானையும் மயிலும் மாங்காயும் போடச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து ஒரு நாள் மயிலைப் பார்த்தாலே குமட்டுகிற நிலைமைக்கு வந்து, வேலையை விட்டேன். அதற்கப்புறம் பெயர் சொல்லக்கூடிய எதையும் நான் வரையவில்லை. என் வீட்டுக்காரர் டிபென்ஸ் பாக்டரியில் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறார். வண்டிகளுக்கு அடித்த பெயின்ட் எங்கே வழிந்திருக்கிறது, எங்கே கொப்பளித்திருக்கிறது என்று நாள் முழுக்கப் பார்த்து ரிஜெக்ட் செய்வதுதான் அவர் வேலை. என் படத்தைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். எங்கே பார்த்தாலும் வழிந்திருக்கிறதே என்பார். அதைத்தான் நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டார்.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கித்தானைத் தரையில் படுக்கப் போட்டு, தண்ணீராகக் கரைத்த வண்ணத்தை மக்கில் எடுத்து ஊற்றுவேன். ஒரு பக்கத்துக்கு அடியில் செங்கல் கொடுத்துத் தூக்குவேன். வண்ணம் அதன் இஷ்டத்துக்கு ஓடும். பக்கத்து மிலிட்டரி சைடிங் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி போனால் தரை அதிர்ந்து ஈர ஓரம் நெளியும். எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்த பிறகு அங்கங்கே வெள்ளை பூக்கும். இதெல்லாம் அரை மணி நேரத்துச் சமாசாரம். அதைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான் இது என்ன பெரிய வேலை என்று பேசுகிறார்கள். வேலை அதற்கப்புறம் ஆரம்பிக்கிறது. விழுந்ததில் எதை வைத்துக்கொள்வது, எதைச் சுரண்டுவது, எதன்மேல் பூசி மறைப்பது. தானாக விழுந்த ஒரு கறை அபாரமாக இருக்கும். அதைக் காப்பாற்றுவதற்காகச் சுற்றிலும் செய்கிறதெல்லாம் செத்துப்போகும். கடைசியில் அந்தக் கறையையே கத்தியால் சுரண்டி எறிய வேண்டிவரும். எறிந்திருக்கிறேன். விழுவது எவனுக்கும் விழும், உட்கார்ந்து பாடுபடுகிறவளுக்குத்தான் படம் என்பது என் கட்சி. அதிர்ஷ்டம் என்று யாராவது பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணியோ அதற்கு நேர் எதிர். செவ்வாய்க்கிழமை ஆனால் எலுமிச்சம்பழத்தோடு மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் பஸ் ஏறிவிடுவார். ராசி, கண், திருஷ்டி, இதெல்லாம் அவருக்குக் காப்பித்தூள் மாதிரி தினசரிச் சாமான். எதற்கும் மைப்பொட்டு வைத்துவிடுவார். புது பிரிட்ஜின் ஓரத்தில் வைத்தார். தம்பியின் பைக் டேங்க்கின் அடியில் வைத்தார். எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கன்னத்தில் வைப்பார். என் படங்களை மட்டும் அவர் சீண்டியதில்லை. மாடிக்கே வர மாட்டார், முட்டி வலி. எங்கள் மாடிப்படி வெளிப்பக்கம் இருக்கிறது, கைப்பிடி கிடையாது, கொத்தனார் பாதியில் விட்டுவிட்டுப் போன படி, நடுவில் ஒன்று உடைந்தும் இருக்கிறது. அந்த முட்டியை வைத்துத்தான் நான் வருடக்கணக்கில் அவரை மாடியிலிருந்து தள்ளி வைத்தேன். முட்டி முடியாதவருக்கு மாடி அறை எதற்கு, விழுந்து கிழுந்து வைத்தால் யார் பார்ப்பது என்று கேட்பேன். வீட்டுக்காரரும் தலையாட்டுவார்.

அண்ணியிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை அவர் எப்போதும் கையில் வைத்திருப்பார், ஆனால் சும்மா சும்மா எடுக்க மாட்டார். போன வருடம் ஒரு மத்தியானம் எதிர்வீட்டு அம்மாவும் என் வீட்டுக்காரரும் இருக்கும்போது, நான் காப்பி கொடுத்துக்கொண்டிருக்கையில், எடுத்தார்.

"ஒன்னு பெத்து வெச்சிருந்தா அதுக்கு ரூமு ஓணும், நாயம். பெயின்ட் டப்பாவுக்கு இன்னாத்துக்குமே ரூமு?"

எதிர்வீட்டு அம்மா காப்பியைக் கீழே வைக்கவும் தெரியாமல் குடிக்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டினார். அண்ணி மட்டும் நிதானமாகப் பிஸ்கெட்டைக் காப்பியில் தோய்த்துத் தின்றார். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த அறை விவகாரத்தை ஒரேயடியாக முடித்துவிட வேண்டும், அதுவும் என் பக்கம் முடிக்க வேண்டும் என்று.

அண்ணிக்கும் முடித்துவிட ஆசைதான். மாங்காட்டில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார். அம்மன் முன்னால் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் போட்டு, அங்கே இருக்கிற ஏதாவது ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் அறை அவருக்கு, சிவப்பு வந்தால் எனக்கு. வீட்டுக்காரருக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது, ஏனென்றால் அவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நான் முடியவே முடியாது என்றேன். மூக்கு ஒழுகுகிற ஒரு பொடிசு கையை நீட்டி என் வாழ்க்கையை எடுத்துக் கொடுப்பதா? அதற்குப் பதிலாக நான் ஒரு பந்தயம் வைத்தேன். இன்னும் சில மாதத்தில் சிட்டியில் ஒரு கேலரியில் பெரிய கண்காட்சி வருகிறது, அதற்கு ஒரு படம் அனுப்புகிறேன். எடுத்துக்கொண்டால் அறை எனக்கு, அப்புறம் இந்த வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. எடுக்காவிட்டால் மறுநாளே காலி செய்து கொடுக்கிறேன். அண்ணி ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சரி என்றார், வீட்டுக்காரரும் சரி என்றார். திமிரோடுதான் சொன்னேன், அந்தத் திமிருக்கு நான் வேலை செய்திருந்தேன்.

அனுப்புவதற்கு எடுத்து வைத்த படம் கட்டில் அகலம் இருக்கும். அதில் நான் இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்தேன். இடது பக்கம் முழுக்கச் சாம்பலும் பழுப்பும் அடுக்கு அடுக்காக, சுரண்டியும் பூசியும் தடித்துப்போயிருக்கும். வலது பக்கம், கொஞ்சம் மேலே, ஒரு முறம் அளவுக்குக் காலி இடம். வெளிர் மஞ்சள், வேறு ஒன்றுமே இல்லை. காலி என்றால் சும்மா விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மொத்தப் படத்திலும் அந்த முறம்தான் என்னைக் கொன்றது. பூசித் தேய்த்து, மறுபடி பூசித் தேய்த்து, பிரஷ் போன தடமே தெரியாமல் செய்தேன். பக்கத்தில் வேலை செய்யும்போது அந்த இடத்தின் மேல் பேப்பரை ஒட்டிவிட்டுத்தான் கை வைப்பேன். முடித்த பிறகு அதைத் தொட்டுப் பார்க்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.

படத்தை ஏற்றிப்போக டெம்போ வந்த அன்று காலை, அதன்மேல் போர்த்தியிருந்த பழைய பெட்ஷீட்டை எடுத்தேன். காலி இடத்தில் ஒரு மைப்பொட்டு இருந்தது. கட்டைவிரல் அளவு, கன்னங்கரேலென்று. நடுவில்கூட இல்லை. நடுவிலிருந்து கொஞ்சம் இறங்கி, சாம்பல் பக்கமாக ஒதுங்கி இருந்தது.

பஞ்சை எடுத்து ஓரத்தில் மெல்ல ஒற்றிப் பார்த்தேன். எண்ணெய் மை, துடைத்தால் இழுவிக்கொண்டு வரும், முறம் முழுக்கக் கறுப்பாகிவிடும். கீழே டெம்போக்காரர் ஹாரன் அடிக்கிறார். கேலரியில் படம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள், தேர்வும் அன்றைக்கேதான். கீழே இறங்கிப் போனேன். அண்ணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. வாழப்போன வீட்டை முழுங்கியாயிற்று, வந்த வீட்டையும் முழுங்க வேண்டுமா என்று கேட்டது மட்டும் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"நாலு பேரு பாக்கப் போறாங்க. கண்ணு படக்கூடாதுன்னு வெச்சேன்."

வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தாயா, உன் படத்துக்குப் போய் எங்கக்கா திருஷ்டி கழிக்கிறாள், அவளைப் போய் இப்படிப் பேசுகிறாயே என்றார். திருஷ்டிப் பொட்டு என்றால் ஓரத்தில்தானே வைப்பார்கள், கொண்டுபோய் அங்கேயா வைப்பார்கள் என்று நான் கத்தினேன். உன் படத்தில் கன்னம் எது, நெற்றி எது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டார். வாசலில் நின்ற டெம்போக்காரர் சிரித்துவிட்டார். மைமேல் படாமல் கட்டை கொடுத்து, படத்தைக் கட்டி ஏற்றினோம். நான் முன் சீட்டில் உட்கார்ந்து சிட்டி வரை அழுதுகொண்டே போனேன். அறை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

தேர்வு செய்ய மூன்று பேர் வந்திருந்தார்கள். அனுப்பியவர்களும் கூடவே இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். மூவரில் பெரியவர் ஓர் அம்மா, ஒட்டக் கத்தரித்த நரைமுடி, அவரே பெயர் பெற்ற ஓவியர். சுவரில் சாய்த்து வைத்த படங்களை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே வந்தார். பாதிப் படங்களுக்கு நிற்கக்கூட இல்லை. என் படத்தின் முன்னால் நின்றார். பின்னால் போனார், மறுபடி கிட்டே வந்தார். பொட்டுக்கு நேரே விரலை நீட்டி, தொடாமல், எப்போது வைத்தது என்று கேட்டார். கடைசியாகத்தான் மேடம் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

"இது இல்லன்னா இந்தப் படம் வெறும் உழைப்பு."

மற்ற இரண்டு பேரிடமும் அவர் விளக்கினார். இவ்வளவு பாடுபட்டு ஒரு வெற்றிடத்தைச் செய்துவிட்டு, அதை ஒரே தொடலில் பலிகொடுப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்றார். இது யோசித்து வைத்ததல்ல, வந்து விழுந்தது, அப்படி விழும்போது தடுக்காமல் இருக்கத் தெரிவதுதான் கலை என்றார். இல்லாவிட்டால் செத்துக் கிடந்திருக்கும் சாம்பல் முழுவதும் இந்த ஒரு பொட்டால்தான் உயிரோடு இருக்கிறது என்றார். அப்படித்தானே என்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். படத்தை எடுத்துக்கொண்டார்கள்.

சென்ட்ரலிலிருந்து பட்டாபிராம் வரும்வரை ரயிலில் என் காதில் 'வெறும் உழைப்பு' என்பது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைவிடக் கொடுமை என்ன தெரியுமா, அந்த அம்மா சொன்னது சரி. கேலரியில் தள்ளி நின்று நானே பார்த்துவிட்டேன். பொட்டை விரலால் மறைத்தால் படம் ஒரு சுத்தமான, கெட்டிக்கார, உயிரில்லாத பண்டம். விரலை எடுத்தால் மூச்சு விடுகிறது. இரண்டு வருடமாக நான் காலி இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், அங்கே என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவே இல்லை.

வீட்டுக்காரர் சொன்ன சொல் காப்பாற்றினார். அறை எனக்கு. அண்ணி பருப்பு சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம்தான் தெரிந்தது, தேர்வு எப்படியும் ஊத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அவர் முன்கூட்டியே அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கி சூட்கேஸில் வைத்திருந்திருக்கிறார். உள்பக்கம் போடுகிற தாழ்ப்பாள், பித்தளை. என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவருக்கு மூளை பாக்டரியோடு சரி. வாங்கியது வீணாகக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போய் என் கதவில் அடித்தார். பக்கத்தில் நின்று திருகாணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது அண்ணி. எனக்கு அப்போது பாவமாகக்கூட இல்லை.

தெருவுக்குச் செய்தி போனது, அண்ணி பொட்டு வைத்ததால்தான் படம் ஜெயித்தது என்று. கை ராசி என்றார்கள். பக்கத்து பிளாட்டிலிருந்து ஐடி வேலைக்குப் போகிற பெண்கள்கூட புது ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து அவரிடம் பொட்டு வைத்துக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் பாக்டரியில் எங்கக்கா கை என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் படத்தை வரைந்தவள் ஒருத்தி மாடியில் இருக்கிறாள் என்பதை எல்லோருமாகச் சேர்ந்து மறந்தார்கள்.

கண்காட்சி முடிந்ததும் கேலரியிலிருந்து பேசினார்கள். அடுத்த கண்காட்சிக்கும் படம் வேண்டும், அந்த அம்மாவே ஆசைப்படுகிறார், அந்தத் துணிச்சல் தொடர வேண்டும் என்றார்கள். சரி, ஒரு பொட்டுதானே என்று உட்கார்ந்தேன். அதே மாதிரி அடுக்கினேன், அதே மாதிரி காலி இடம் விட்டேன், கடைசியில் பொட்டு வைத்தேன். கருப்புப் பொட்டாக உட்கார்ந்திருந்தது. மேலே பூசி மறைத்துவிட்டு வேறிடத்தில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். தள்ளி நின்று பிரஷ்ஷை உதறினேன். அண்ணியின் மைடப்பாவையே கேட்டு வாங்கிவந்து கட்டைவிரலால் வைத்தேன். எல்லாமே பொட்டாகத்தான் இருந்தன. அதிர்ஷ்டத்தை நம்பாதவள், கடைசியில் அது எப்போது விழும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோடை முழுவதும் அப்படியே போனது.

கடைசியில் வெட்கத்தை விட்டு அண்ணியிடமே போய் நின்றேன். அன்றைக்கு நான் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் பாசமாக வைத்தது, அதனால்தான் நன்றாக வந்தது, இதற்கும் ஒன்று வைத்துக்கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்தார். பின்னால் நான் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறியவர், உடைந்திருக்கிற படியைக் குனிந்து பார்க்காமலேயே தாண்டிக் கால் வைத்தார். எனக்கு அப்போதே ஏதோ உறைத்தது. உள்ளே வந்து படத்தின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல எங்க வெச்சாலும் ஒன்னுதான். நீ எதையும் ஆசையா வெச்சிக்கல."

புரியவில்லை அண்ணி என்றேன். அவர் முட்டியை நீவிவிட்டுக்கொண்டே, பருப்பு விலை சொல்கிற குரலில் சொல்லிக்கொண்டு போனார். பந்தயம் வைத்த மறுநாளிலிருந்தே, நான் கடைக்கும் ஆவடி மார்க்கெட்டுக்கும் போகிற சமயமெல்லாம் மாடிக்கு ஏறி வந்திருக்கிறார். உட்கார்ந்து உட்கார்ந்துதான் படி ஏறுவாராம். இதே முக்காலியைப் போட்டு அந்தப் பெரிய படத்தின் முன்னால் உட்காருவாராம். பெயின்ட்டை எடுத்து ஊற்றினால் தம்பிக்குத் தெரிந்துபோகும், பொட்டு என்றால் ஒருவரும் கேட்க மாட்டார்கள், ஆனால் ஒரு பொட்டுதான் வைக்க முடியும். ஆகவே அது எங்கே என்று பார்க்க வேண்டியிருந்தது.

"பாசமாவது. எங்க வெச்சா உனுக்கு உயிரு போவும்னு பாத்துகினே இருந்தேன். மொதல்ல ஒன்னியும் வெளங்கல, ஒரே அழுக்கா கீது. பாக்கப் பாக்கத் தெரிஞ்சிது. அந்த எடத்துலதான் நீ கையே வெக்காம வெச்சிருந்த. அதான் உன் புள்ளன்னு புரிஞ்சிது. அதுலயும் எந்தப் பக்கம் வெச்சா உனுக்குத் தாங்காதுன்னு பாத்து வெச்சேன்."

அது கெட்டுப்போகும், ரூமு எனுக்கு வரும்னு வெச்சேன், என் தலையெழுத்து என்றார். எழுந்து, முக்காலியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அறைய வேண்டும் போல எனக்குக் கை வந்தது நிஜம். ஆனால் அதற்கு மேலாக வயிறு எரிந்தது, பொறாமையில். அந்த நரைமுடி அம்மா என் படத்தைப் பார்த்தது சில நிமிடம். என் வீட்டுக்காரர் இத்தனை வருடத்தில் பார்த்ததே இல்லை. அண்ணி முட்டி வலியோடு ஏறி வந்து மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார். என் படத்துக்குக் கிடைத்த ஒரே நிஜமான பார்வையாளர் அவர்தான். தற்செயலாக வந்து விழுந்தது என்று கேலரியில் கொண்டாடினார்களே, அந்தப் பொட்டில் தற்செயல் கடுகளவும் இல்லை. அது என்னுடையதைவிடக் கடினமான உழைப்பு. நான் ஆசைப்பட்டு உழைத்தேன். அவர் வெறுத்து உழைத்தார், அது ஜெயித்தது.

இது எதுவும் தெரியாத என் வீட்டுக்காரர் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து, நீதான் கொஞ்ச நாளாக ஒன்றும் வரைவதாகக் காணோமே, அக்காவுக்கு அறையைக் கொடுத்துவிடலாமா, உனக்கு மொட்டைமாடியில் ஷீட் போட்டுத் தருகிறேன் என்றார். நல்ல யோசனைதான். வெளிச்சம்கூட அங்கே அதிகம். நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தால் ஒரே மாதத்தில் நல்லவராகிவிடுவார். எனக்கு ரசம்கூட வைத்துக்கொடுப்பார். அப்புறம் எதற்காக அவர் என் படத்தின் முன்னால் போய் உட்காரப் போகிறார்?

முடியாது என்றேன். அன்று சாப்பாட்டு நேரத்தில், வீட்டுக்காரரைச் சாட்சி வைத்துக்கொண்டு, பழைய பந்தயத்தை நானே புதுப்பித்தேன். புதுப் படம் ஒன்று ஆரம்பிக்கிறேன், இது தேர்வாகாவிட்டால் அறை அண்ணிக்கு, இந்த முறை எழுதிக்கூடத் தருகிறேன் என்றேன். அண்ணி சாதத்திலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"மெய்யாலுமேவா?"

மெய்யாலுமேதான் என்றேன். போன தடவை கெடுக்கப் போய் நன்றாக்கிவிட்டார். இந்தத் தடவை நிஜமாகவே கெடுகிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் முன்பைவிட அதிகமாகப் பார்த்தாக வேண்டும், அது அவருக்கும் தெரியும். படத்தில் ஆசையாக ஓர் இடம் வைக்க நானும் கற்றுக்கொண்டுவிட்டேன். போன வாரம் ஹாலுக்கு ஒரு டைனிங் டேபிள் வாங்கிப் போட்டேன், ஆறு நாற்காலியோடு. மூன்று பேருக்கு எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார், விருந்தாளி வந்தால் வேண்டும் என்றேன். இப்போது அண்ணிக்குப் பாய் விரிக்க பாத்ரூம் வாசலில்தான் இடம் இருக்கிறது.

நேற்று மத்தியானம் கடைக்குப் போகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தேன். அண்ணி மாடிப்படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, அடுத்த படிக்கு உடம்பைத் தூக்கிக்கொண்டிருந்தார். சாமானெல்லாம் வாங்கி முடித்த பிறகும் நான் வீட்டுக்குப் போகவில்லை. வெயிலோடு வெயிலாக ஸ்டேஷன் வரை நடந்து, பெஞ்சில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வந்த வண்டிகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் போனால் அவர் பாதியில் இறங்கிவிடுவார்.